மெக்சிகோ நகரத்து டாக்கோ கடைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

மெக்சிகோ நகரில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது இரவுச் சாப்பாடு டாக்கேரியாவில்தான். டாக்கோ விற்கும் சிறு கடைக்கு இங்கே அதுதான் பெயர். இன்றும் நாளையும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: எல்லோரும் இறைச்சியைப் பற்றியே கேட்பீர்கள். டாக்கோவின் உயிர் இறைச்சியில் இல்லை, அதைத் தாங்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் இருக்கிறது.

சென்னையிலிருந்து: அக்கா, அடுத்த மாதம் அலுவலக வேலையாக அங்கே வருகிறேன். ஸ்பானிஷ் தெரியாது. டாக்கேரியாவில் எப்படி நடந்துகொள்வது?

வந்ததும் உட்காராதீர்கள். கல்லருகே ஒரு நிமிடம் நின்று டோர்ட்டியாவைப் பாருங்கள். மாவு உருண்டையை அழுத்தி அப்போதே கல்லில் போடுகிறார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அடுத்த தெருவில் அன்று காலை சுட்டதை வாங்கிச் சூடாக்கினாலும் குற்றமில்லை. மடித்தால் விரிசல் விடக்கூடாது, சோளத்தின் மணம் வர வேண்டும்.

பிறகு எண்ணையும் வகையையும் சொன்னால் போதும். "தோஸ் தே பஸ்தோர்" என்றால் இரண்டு பஸ்தோர் டாக்கோ, அதாவது செங்குத்துக் கம்பியில் சுட்ட பன்றி இறைச்சி வைத்தது. "கோன் தோதோ?" என்று கேட்பார். எல்லாம் போடவா என்று பொருள். நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும்தான் அந்த "எல்லாம்". "சீ" என்று தலையாட்டுங்கள். "கோன் கோப்பியா" என்றால் ஒன்றுக்கு இரண்டு டோர்ட்டியா அடுக்கித் தருவார்கள். ஒரேயடியாக ஆறு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறிய டாக்கோவில் ஒன்றும் இல்லை. இரண்டிரண்டாகக் கேளுங்கள். தட்டின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் உறையை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

டாக்கோவை வாய்க்கு நேராகத் தூக்கிச் சாய்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் விழும். டாக்கோ கிடையாகவே இருக்கட்டும், தலையைச் சாய்த்து முன்னால் குனிந்து கடியுங்கள். பல கடைகளில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பணம். எத்தனை என்று கேட்பார்கள், நீங்கள் சொல்லும் கணக்கை நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ், நின்று சாப்பிடும் கடையில் சில நாணயங்கள். கிளம்பும்போது பக்கத்தில் சாப்பிடுபவர்களைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லுங்கள். உண்பது உடம்பில் ஒட்டட்டும் என்ற வாழ்த்து அது. அறிமுகமே இல்லாதவர்கள் நிமிர்ந்து நன்றி சொல்வார்கள்.

கடைசியாக, சல்சா என்ற மிளகாய்ச் சட்னியை ஊற்றும் முன் ஒரு துளி ருசி பாருங்கள்.

மதுரையிலிருந்து: ஆந்திர ஊறுகாயையே வெறும் வாயில் சாப்பிடுகிறவன் நான். மெக்சிகோ காரம் என்னை என்ன செய்துவிடும்?

தம்பி, மிளகாயே இந்த மண்ணிலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்ததுதான். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய்க்கு அந்தப் பெயரையே நீட்டி மிளகாய் என்றோம். இங்கே பச்சை சல்சா தொமாத்தியோ என்ற புளிப்புக் காயும் செரானோ மிளகாயும் சேர்ந்தது. சிவப்பு பெரும்பாலும் காய்ந்த ஆர்போல் மிளகாய். இரண்டும் உங்களால் தாங்கக்கூடியவை. ஆனால் ஹபனேரோ வேறு. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் செரானோ 10,000 முதல் 23,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்றரை லட்சம் வரை போகும். வந்த முதல் ஆண்டில் ஒரு கடையில் ஆரஞ்சு நிறச் சல்சாவை நம் ஊர்த் தக்காளிச் சட்னி போல அள்ளிப் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் காது அடைத்துக்கொண்டது. நிறம் எதையும் சொல்லாது. ஒரு துளி.

திருச்சியிலிருந்து: நாங்கள் சைவம். பட்டினியாகத் திரும்ப வேண்டியதுதானா?

இல்லவே இல்லை, ஆனால் கண்காணிப்பு வேண்டும். டோர்ட்டியா மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான், அதில் பயமில்லை. கோதுமை டோர்ட்டியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். மசித்து வதக்கிய பீன்ஸிலும் அதே கொழுப்பு இருக்கும். அதன் பெயர் மாந்தேகா. "சின் மாந்தேகா?", அதாவது மாந்தேகா இல்லாமலா என்று கேட்காமல் பீன்ஸைத் தொடாதீர்கள். இறைச்சி வதக்கிய அதே கல்லில்தான் உங்களுக்கும் வதக்குவார்கள். அதை ஏற்க முடியாதவர்கள் சைவ உணவகத்துக்கே போவது நல்லது.

தேட வேண்டியது, வீட்டுக் கறி வகைகளைப் பாத்திரங்களில் அடுக்கி வைத்திருக்கும் "கிசாதோ" கடைகளை. அங்கே நோபால் கிடைக்கும். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம், முள் சீவி வதக்கியது. வெண்டைக்காய் போலக் கொழகொழப்பும் மெல்லிய புளிப்பும் இருக்கும். பொப்லானோ மிளகாயை வாட்டி, கீற்றாகக் கிழித்து, பாலேட்டில் கிளறிய ராஹாஸ் உண்டு. பூசணிப்பூ உண்டு. மழைக்காலத்தில் வந்தால் உய்த்லாகோச்சே கேளுங்கள். சோளக்கதிரில் வளரும் கரும்பூஞ்சை அது. காளானும் மண்ணும் கலந்த மணம். பிற நாட்டு உழவர்கள் நோய் என்று எறிவதை இவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு முறையாவது சாப்பிடுங்கள்.

இன்னொன்று: தலைநகரில் கேசதியா, அதாவது உள்ளீடு வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியா கேட்டால் சீஸ் இல்லாமலே வரலாம். சீஸ் வேண்டும் என்றால் "கோன் கேசோ" என்று தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற மாநிலத்தார் இதைக் கேட்டுக் கொதிப்பார்கள்; நகரத்தார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கொழும்பிலிருந்து: அல் பஸ்தோர் என்றால் இடையன் முறை என்கிறார்கள். ஷவர்மாவிலிருந்து வந்ததாம். அப்படியானால் ஆட்டிறைச்சிதானே, சாப்பிடலாம்தானே?

வேண்டாம், சகோதரரே. வரலாறு சரி, இறைச்சி மாறிவிட்டது. லெபனான் பகுதியிலிருந்து குடிவந்தவர்கள் செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பியூப்லா நகரில் 1930களில் அரபு டாக்கோ என்ற பெயரில் கோதுமை ரொட்டியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிறகு பன்றி இறைச்சி, அச்சியோத்தே விதையின் செந்நிறம், காய்ந்த மிளகாய், உச்சியில் அன்னாசி என்று அது முழு மெக்சிகோ உணவாகிவிட்டது. அந்தக் கம்பியின் பெயர் த்ரோம்போ, நம் மொழியில் பம்பரம். இன்று அரபு டாக்கோவும் பெரும்பாலும் பன்றிதான். கோழி என்றால் பொய்யோ, மீன் என்றால் பெஸ்காதோ என்று கேளுங்கள். ஹலால் முறையில் அறுத்தது என்று யாரும் சொல்லாத வரை அப்படி எண்ணாதீர்கள். மாந்தேகா எச்சரிக்கை உங்களுக்கும் உண்டு.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: சுவாதேரோ, பிஸ்தெக், லெங்குவா மூன்றும் மாடு. கம்பெச்சானோ என்பது கலவை, பெரும்பாலும் மாடும் பன்றித் தொத்திறைச்சியும்.

சேலத்திலிருந்து: விலை?

சாதாரணக் கடையில் ஒரு பஸ்தோர் டாக்கோ 15 முதல் 30 பெசோ. நான்கு சாப்பிட்டால் வயிறு நிறையும்.

பெங்களூரிலிருந்து: இங்கே கிடைக்கும் டாக்கோ மொறுமொறுப்பான ஓட்டில் வருகிறது. அங்கே அது எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?

அது அமெரிக்காவில் வளர்ந்த வடிவம். நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்தொனாதோ என்ற மெக்சிகோக்காரர் அந்த ஓட்டைப் பொரிக்கும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றார். டாகோ பெல் 1962இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி அதை ஊரெல்லாம் பரப்பியது. இங்கே மொறுமொறுப்பு வேண்டுமானால் தொராதோ கேளுங்கள். உள்ளீட்டை வைத்து மடித்து அல்லது சுருட்டிய பிறகு பொரிப்பது.

திண்டுக்கல்லிலிருந்து: நீங்கள் டோர்ட்டியாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். வடநாட்டில் மக்காச்சோள ரொட்டி காலங்காலமாக இருக்கிறது. எங்கள் ஊரிலும் சோளமாவில் அடை தட்டியிருக்கிறோம். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மக்காச்சோள மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து பாருங்கள். உதிரும். பஞ்சாபில் அந்த ரொட்டியைக் கையால் தடிமனாகத் தட்டுவது அதனால்தான். மெல்லியதாக்கி மடித்தால் இரண்டாக உடைந்துவிடும். டோர்ட்டியா காகிதம் போல மடிகிறது, ஒரு துளி எண்ணெய் இல்லாமல், பசையுள்ள வேறு மாவு சேர்க்காமல். எப்படி? சுண்ணாம்பு. முழுச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிடுகிறார்கள். மேல்தோல் நெகிழ்ந்து கழன்றுவிடும். மணியின் உட்பகுதி இளகி, அரைத்தால் ஒட்டிப் பிடிக்கும் மாவாகிறது. அந்தச் சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர், மாவுக்கு மாசா. நிக்ஸ்தமால் என்பது இந்த மண்ணின் பூர்வகுடி மொழியான நவாத்தலின் சொல். அதன் முன்பாதி சாம்பலைக் குறிக்கிறது.

இது ருசிக்கான உத்தி மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு பெலக்ரா என்ற நோய். வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பிறகு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும், சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகள் தோல் வெடித்து, மனம் பேதலித்து இறந்தார்கள். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற புல்லைச் சோளமாக்கிய மக்கள், அதை எப்படி உண்பது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பாதி அறிவை வாங்காமல் போனதற்குத்தான் அத்தனை உயிர்கள்.

திருநெல்வேலியிலிருந்து: சுண்ணாம்பா? வாய் வெந்துவிடாதா?

வெற்றிலை போடும் ஊரிலிருந்து இதைக் கேட்கலாமா, அம்மா! அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஊறிய பின் கழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது மெல்லிய மணம்.

ஹூஸ்டனிலிருந்து: சோளம்தான் உயிர் என்று நீங்கள் சொல்வது தலைநகரப் பார்வை. வட மாநிலமான சொனோராவில் கோதுமை டோர்ட்டியாதான் பெருமை. அவர்களும் மெக்சிகோக்காரர்கள்தானே?

நியாயமான மறுப்பு. சொனோராவின் கோதுமை டோர்ட்டியா மெல்லிய துணி போல இருக்கும். சுட்ட மாட்டிறைச்சிக்கு அதுவே பொருத்தம் என்று அங்கே சாப்பிட்டபோது எனக்கும் பட்டது. உயிர் என்று சொன்னதை வடக்குக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் பஸ்தோரையும் சுவாதேரோவையும் கோதுமையில் சுற்றினால் பாதி ருசி போய்விடும் என்பதில் மாற மாட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து மீண்டும்: சரி, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் செய்து பார்க்க வழி சொல்லுங்கள். மாடு கோழிக்குப் போடும் சோளம் இங்கே மலிவு.

தீவனச் சோளம் வேண்டாம், மருந்து கலந்திருக்கலாம். மளிகையில் உண்பதற்கென்று விற்கும் காய்ந்த முழு மக்காச்சோளம் ஒரு கிலோ. இனிப்புச் சோளம் உதவாது. உண்ணத்தக்க சுண்ணாம்புத் தூள் 10 கிராம், தண்ணீர் மூன்று லிட்டர். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அலுமினியப் பாத்திரமும் கூடாது, எவர்சில்வர் எடுங்கள். மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, மூடி, இரவு முழுதும் விடுங்கள். காலையில் தோல் கையோடு வரும். கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும். தோசை மாவாகிவிட்டால் மீட்க முடியாது. இடியாப்ப மாவின் பதம்தான் கணக்கு.

கோவையிலிருந்து: நாங்கள் காரத்துக்குப் பழகியவர்கள். சல்சா எல்லாவற்றையும் தைரியமாகப் போடலாமா?

மதுரைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஒரு துளி.

டொராண்டோவிலிருந்து: என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. டாக்கோவில் கடலை இருக்காதே?

இருக்கும், கவனம். இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். மாச்சா என்ற எண்ணெய்ச் சல்சாவில் நிலக்கடலை சேர்ப்பார்கள். பல கடைகளில் கடலை அரைத்த தனிச் சல்சாவும் உண்டு. பார்த்தால் சாதாரணமாகவே இருக்கும். மோலே குழம்பிலும் வரும். "தியேனே ககவாத்தே?", அதாவது கடலை இருக்கிறதா என்பதை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். ஒரே கரண்டி பல கிண்ணங்களுக்குப் போகும். அதனால் மகளுக்குச் சல்சாவே வேண்டாம். எலுமிச்சையும் உப்பும் போதும்.

ஈரோட்டிலிருந்து: மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடை உண்மையா?

உண்மை. சான் ரஃபேல் பகுதியில் எல் கலிஃபா தே லியோன், 1968இல் தொடங்கியது, 2024 மே மாதம் ஒரு நட்சத்திரம். சுமார் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம். காளைப்போர் வீரர் ரொதோல்ஃபோ கவோனா பெயரில் கவோனேரா என்ற டாக்கோ. மெல்லிய மாட்டிறைச்சி, உப்பு, எலுமிச்சை, வேறெதுவும் இல்லை. டோர்ட்டியா அங்கேயே கண்ணெதிரே அழுத்திச் சுடுவது. நட்சத்திரத்தில் பாதியை அந்த டோர்ட்டியாவுக்குத்தான் கொடுப்பேன்.

வேலூரிலிருந்து: எந்த நேரத்துக்குப் போவது?

வகையைப் பொறுத்தது. குழியில் வேகவைத்த ஆட்டிறைச்சியான பார்பக்கோவாவும் கொழுப்பில் வெந்த பன்றி இறைச்சியான கர்னீத்தாஸும் காலையில், அதுவும் ஞாயிறு. மதியம் தாண்டினால் அடிச்சட்டிதான். சைக்கிள் கூடையில் துணி மூடி வரும் கனஸ்தா டாக்கோவும் காலைக்குத்தான். பஸ்தோருக்கு இருட்ட வேண்டும். மாலையில் பம்பரம் பருத்திருக்கும், வெளிப்புறம் கருகத் தொடங்கும் ஒன்பது மணிக்குப் போங்கள்.

தஞ்சையிலிருந்து: குடிக்க?

ஹமைக்கா. புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்த நீர். புளித் தண்ணீரும் உண்டு, தமரிந்தோ என்பார்கள். குழாய்த் தண்ணீர் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து: அக்கா, சல்சா ரொம்பக் காரமா?

மேலே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து, மறுநாள் காலை: நேற்று இரவே ஊறவைத்துவிட்டேன். தண்ணீர் மஞ்சளாகியிருக்கிறது, தோல் விரலில் நழுவுகிறது. பயந்துபோய் ஐந்தாறு தண்ணீரில் கழுவட்டுமா?

நிறுத்துங்கள், அந்த மஞ்சள்தான் அடையாளம். இரண்டு தண்ணீர் போதும். ஐந்தாறு முறை கழுவினால் ஒட்டும் பசையும் மணமும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் தோல் மிஞ்சட்டும். அரைத்ததும் ஒரு சிறு உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு கை தண்ணீர், விரலில் ஒட்டினால் பத்து நிமிடம் ஈரத்துணியில் மூடி வையுங்கள். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், எண்ணெய் தடவாமல். இரண்டாவது முறை திருப்பியதும் நடுவில் விரலால் தட்டினால் உப்பும். உப்பியதா என்று எழுதுங்கள்.