கையெழுத்துப் பிரதியை நம்பி அனுப்பலாமா?

கேள்வி: 180 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்ப விருப்பம். பதியாமல் அனுப்பினால் களவு போகும் என்கிறார்கள். எங்கே பதிவது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: எங்கும் பதியத் தேவையில்லை. இலங்கையில் பதிப்புரிமைக்கென்று பதிவேடே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். பிற நாட்டு எழுத்தாளரின் பதிப்புரிமையையும் காக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இந்தியா 1928இலும் இலங்கை 1959இலும் சேர்ந்ததால் சென்னையிலும் உங்கள் உரிமை செல்லும்.

பிணக்கென்று வந்தால் கேட்கப்படுவது ஆதாரம். அடித்துத் திருத்திய கொப்பிகளை எரித்துவிடாதீர்கள். கதை எப்படி வளர்ந்தது என்பதைக் களவெடுத்தவரால் காட்ட முடியாது. முடிந்த பிரதியைப் பிடிஎஃப் ஆக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பூட்டி வைக்கும் பழைய வழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒட்டாத வெற்று உறையையும் தபாலில் போட்டுவிட்டுப் பிறகு நிரப்பலாம் அல்லவா? அதைவிட, ஒரு சமாதான நீதவானிடம் முதற்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் திகதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்குவது மேல்.

முதலில் இரண்டு பக்கச் சுருக்கமும் மூன்று அத்தியாயங்களும் போதும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தால் யுனிகோட்டுக்கு மாற்றி அனுப்புங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். பிறகு யாரிடமாவது கொடுத்து மாற்றுவிப்பார்கள். பிரதி இன்னும் இரண்டு கை மாறும்.

கேள்வி: காணாமற்போன மகனைத் தேடும் தாய் பற்றிய என் சிறுகதை ஒரு இதழில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அதே இதழில் அதே கருவில் வேறொருவர் கதை வந்திருக்கிறது. இது களவுதானே?
– வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் கருவுக்கு உரிமை இல்லை. எண்ணத்தையல்ல, அதைச் சொன்ன விதத்தையே சட்டம் காக்கிறது. அந்தத் தாய் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறாள். அவளைப் பற்றி நூறு பேர் எழுதலாம், எழுதவும் வேண்டும். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனங்கள், உரையாடல், காட்சிகளின் ஒழுங்கு, உங்களுடைய எழுத்துப்பிழைகூட அப்படியே வந்திருந்தால் அது வேறு விஷயம். அப்படியானால் பொருந்தும் வரிகளைக் கோடிட்டு, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் திகதியையும் சேர்த்து, 14 நாளில் பதில் கேட்டு ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். முகநூலில் முதலில் போட்டுவிடாதீர்கள். நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் “சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே” என்று இருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வைக்க வேண்டாம். எழுத்தாளர்கள் பறிகொடுப்பது பெரும்பாலும் தபாலில் அல்ல, இந்த ஒரு வரியில்தான். உரிமையைக் கைமாற்ற எழுத்தும் இருதரப்புக் கையொப்பமும் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் உங்கள் கையொப்பத்துக்குத்தான் பெறுமதி. அச்சுப் பதிப்பு மட்டும், தமிழில் மட்டும், இத்தனை பிரதி, மூன்று ஆண்டு என்று எழுதுவியுங்கள். மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். அச்சுச் செலவை நீங்களே கொடுக்கிறீர்கள் என்றால் பக்கம் அமைத்த கணினிக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் பதிப்புக்குப் போகும்போது பலர் தடுமாறுவது அங்கேதான். போட்டிகளின் விதிமுறைகளிலும் இதே வரி ஒளிந்திருக்கும், வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: 2009 இடப்பெயர்வில் என் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. முன்பு இதழ்களில் வந்த கதைகளைத் தொகுக்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், தருமபுரம்

பதில்: உண்டு. தாள் போனாலும் உரிமை போகாது. உரிமையை எழுதிக் கொடுத்து விற்றிருந்தால் மட்டுமே சிக்கல். “நூலகம்” என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இதழின் பெயரை வைத்துத் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் அந்த இதழை வாங்கி வைத்திருந்த நண்பர்களையும் புலம்பெயர்ந்த வாசகர்களையும் கேளுங்கள். கிடைத்ததும் கதையை மட்டும் வெட்டாமல் அட்டையையும் இதழ் எண், மாதம் உள்ள பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.