ரெசிடென்ட் ஈவில் 4: பழைய பழக்கத்தோடு ஆடினால் ஏன் திணறுகிறது?

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் தொடரின் முந்தைய பாகங்களை முடித்தவர்களுக்கும் 2005-இல் வந்த நான்காம் பாகத்தின் அந்த முதல் கிராமம் ஏன் கடினம் என்பது கேள்வி.

பழைய பாகங்களில் தோட்டா எண்ணிக்கை கிட்டத்தட்ட நிர்ணயிக்கப்பட்டது. அதனால் சுடாமல் ஒதுங்கிப் போவதே புத்திசாலித்தனம். இங்கே விழுந்த எதிரிகளே தோட்டாவும் காசும் தருகிறார்கள். ஒதுங்கி ஓடினால் கை காலியாகும்.

கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, ஆனால் குறிபார்க்கும்போது நகர முடியாது. ஆகவே முதுகுப்பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். முகத்தில் ஒரே ஒரு தோட்டா; தடுமாறியவனை ஓடிப்போய் உதையுங்கள். அந்த உதை பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்து வீழ்த்தும். கீழே கிடப்பவனுக்குக் கத்தி போதும். தோட்டா மிச்சப்படுவது இப்படித்தான்.

இருட்டிய பிறகு இதே உத்தி திருப்பி அடிக்கும்: தலை சிதறினால் எதிரியின் உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி கழுத்திலிருந்து வெளியே வரலாம். அதனால் இருட்டில் தலைக்குப் பதில் முழங்காலைச் சுடுங்கள். ஒட்டுண்ணி வெளிவந்துவிட்டால் ஒரு ஒளிக்குண்டு (flash grenade) போதும், உடனே கொல்லும்; அந்தக் குண்டுகளை விற்றுவிடாதீர்கள்.

பொருட்களைப் போட்டுவைக்கும் பழைய பெட்டி இதில் கிடையாது, கையிலிருக்கும் பெட்டியின் கட்டங்கள்தான் எல்லை. மஞ்சள் மூலிகையைத் தனியாகப் பயன்படுத்த முடியாது. பச்சையோடு கலந்தால் உயிர்க்கோட்டின் உச்சவரம்பே நிரந்தரமாகக் கூடும். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

பயம் குறைந்துவிட்டது என்ற குறை ஓரளவு நியாயம்தான். ஆனாலும் சூழ்ந்துகொள்ளப்படும் பதற்றத்தை இத்தொடரில் இதற்கு முன் எந்தப் பாகமும் இவ்வளவு கூர்மையாகத் தந்ததில்லை.