டாவின்சி ரிசால்வில் எம்பி4 திறக்கவில்லையா?

வணக்கம். மாங்குளத்தில் கலியாண வீடியோ எடிட் செய்கிறீர்கள், லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறிய பிறகு கமராவின் எம்பி4 கோப்புகள் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திறக்கவில்லை, தம்பியின் வலோரண்ட் கேமும் ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் கணினியில் பிழை இல்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எம்பி4க்குள் வழக்கமாக இருக்கும் எச்.264, எச்.265 வகைக் காட்சிகளை வாசிக்காது. அதோடு வரும் ஏஏசி வகை ஒலியும் தகராறுதான். ஷட்டர் என்கோடர் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளை இறக்கி, காட்சியை டிஎன்எக்ஸ்எச்ஆர், ஒலியை பிசிஎம், கோப்பை எம்ஓவி என்ற வடிவங்களுக்கு மாற்றிப் பாருங்கள், உடனே திறக்கும். ஆனால் கோப்பு பல மடங்கு பெருக்கும். அதனால் முழுக் கலியாணத்தையும் மாற்றாதீர்கள். பொன்னுருக்கல், தாலி கட்டு, ஆலாத்தி என்று எடிட்டுக்கு வேண்டிய கிளிப்புகளை மட்டும் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். வேலை முடிந்ததும் மாற்றியவற்றை அழிக்கலாம், கமராவின் மூலக் கோப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அவசர வேலைக்குக் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள் போதும், எம்பி4ஐ அப்படியே எடுக்கும். வண்ணத் திருத்தத்துக்கு ரிசால்வ்தான் என் தெரிவு.

வலோரண்டுக்கு வழியில்லை. அதன் வான்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் இயங்குவது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன், புரோட்டான் எதுவும் இதற்கு உதவாது. தம்பி விடமாட்டார் என்றால் தனி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக் கொடுங்கள். டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேம்கள் என்றால் ஸ்டீம் கேம் தளத்தில் லினக்ஸிலேயே நேரடியாக ஓடும்.