வாசகர் கேள்வி: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக, உப்புத் தண்ணீரில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை நிறுத்தி 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தோம். குமிழி வருகிறது. ஆனால் பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கிறது, தண்ணீரும் பழுப்பாகிறது. ஏன்?

பதில்: முதலில் உப்பைத் தூக்கி எறியுங்கள். உப்பு இருந்தால் நேர்மின்முனையில் ஆக்சிஜனோடு குளோரினும் கிளம்பும். நெடி அதனுடையதுதான். அதே முனையில் எவர்சில்வர் அரிக்கப்பட்டு இரும்பு, குரோமியம், நிக்கல் கரைவதால்தான் பழுப்பு நிறம். அதில் நச்சுக் குரோமியச் சேர்மங்கள் இருக்கலாம். கையில் படவிடாதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள்.

1 லிட்டர் பேட்டரி தண்ணீரில் 50 கிராம் சலவை சோடாவைக் கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும், வேண்டாம். நேர்முனைக்கு நிக்கல் தகடு நல்லது. கரித்தண்டும் போதும், ஆனால் மெல்ல உதிர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கும். எதிர்முனையில் எவர்சில்வர் இருக்கலாம். செம்புக் கம்பியும் கிளிப்பும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும்.

தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் தேவை. நல்ல கலங்கள் 2 வோல்ட் அளவில் ஓடும். உங்கள் அமைப்பில் முனைகள் தள்ளி நிற்பதால் 6 வோல்ட் வையுங்கள். ஒரே கலத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகும். அடாப்டர் நேர்மின்சாரம் தருகிறதா என்று பாருங்கள். மாறுமின்சாரமானால், வாயுவைப் பிடிக்க முனைகளின் மேல் கவிழ்க்கும் இரு சோதனைக் குழாயிலும் இரு வாயுவும் கலந்து சேரும், அது வெடிக்கும்.

அரை ஆம்பியர் ஓடினால் 10 நிமிடத்தில் சுமார் 38 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். ஆக்சிஜன் அதில் பாதி வர வேண்டும்; முதலில் குறைவாகவே தெரியும், ஏனென்றால் கொஞ்சம் நீரிலேயே கரைந்துவிடும். சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு குழாய்களைக் கவிழ்த்தால் கணக்கு ஒத்துவரும்.

கேள்வி: மாடி சோலாரில் தினமும் 5 யூனிட் மிஞ்சுகிறது. அதில் ஹைட்ரஜன் தயாரித்துச் சமைக்கலாமா?

பதில்: லாபமில்லை. ஆலைகளிலேயே 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் செலவாகிறது. உங்கள் 5 யூனிட்டில் 100 கிராமுக்கு மேல் வராது. எரித்தால் திரும்புவது சுமார் 3 யூனிட் வெப்பம். சேமிப்பது அதைவிடத் தலைவலி. சாதாரண அழுத்தத்தில் அந்த 100 கிராமுக்கு 1,200 லிட்டர் இடம் வேண்டும், மாடித் தண்ணீர்த் தொட்டி அளவு. காஸ் சிலிண்டரில் அடைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். எல்பிஜி போல இது அதில் திரவமாகாது. 10 மடங்கு அழுத்தினாலும் வீட்டுச் சிலிண்டரில் 27 கிராம்தான் அடங்கும். சாதாரண பர்னரில் சுடர் உள்ளே பாயும், பகலில் கண்ணுக்கே தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

மிஞ்சும் மின்சாரத்தை இண்டக்‌ஷன் அடுப்புக்குக் கொடுங்கள்.