பள்ளிக்கரணை: கேள்விகளும் பதில்களும்

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடிகள் வரவிருப்பது பற்றி வந்த கேள்விகளில் சில.

உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகும் அனுமதி எப்படிக் கிடைக்கிறது? (பெரும்பாக்கம்)

2022-இல் ராம்சர் தகுதி பெற்றது சுமார் 1,247 ஹெக்டேர். காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது அதைவிடக் குறைவு. தகராறெல்லாம் இடையில் கிடக்கும் நிலத்தில்தான். எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே என்று அளந்து முடிக்காதவரை ஆளுக்கொரு வரைபடத்தைக் காட்டுவார்கள். எல்லை முடிவாகும்வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் புதிய அனுமதி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025-இல் சொன்னது இதனால்தான்.

பட்டா நிலமாயிற்றே?

இருக்கட்டும். பட்டா உரிமையைச் சொல்லும். எதைக் கட்டலாம் என்பதைச் சொல்லாது. 2017 ஈரநில விதிகளின்படி ராம்சர் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது.

ஒரு மூலையில் கட்டினால் பறவைகள் மறுபக்கம் போய்விடாதா? (வேளச்சேரி)

கட்டுநர்களுக்குப் பிடித்த கேள்வி இது! உள்ளான் என்னும் கரையோரப் பறவைகளுக்குக் கணுக்காலளவு நீரும் சேறும் வேண்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடுகிறது. கூழைக்கடாவுக்கு மீன் புழங்கும் திறந்த நீர் வேண்டும். ஒரு பக்கம் மண் கொட்டினால் அந்த நீர் மறுபக்கம் ஏறும், சேற்றுத்திட்டு மூழ்கும், உள்ளான் எங்கே போகும்? நீங்களும் தப்ப முடியாது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. தேங்க இடமில்லாவிட்டால் உங்கள் தெருவில் தேங்கும். 2015 வெள்ளத்தை வேளச்சேரிக்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கையெழுத்து இயக்கம் தொடங்கலாமா?

தாராளமாக. ஆனால் கையெழுத்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடக் கூடாது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. விண்ணப்பங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். அனுமதி கொடுத்துவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கிடைக்கலாம். முதலில் சர்வே எண்களை எழுதியெடுங்கள்.

பறவைப் படங்கள் உதவுமா?

பூநாரையின் கண் தெரியும் நெருக்கப் படம் நாள்காட்டிக்கு அழகு. வழக்குக்கு வேண்டியது, பறவைக்குப் பின்னால் மின்கோபுரமோ சுற்றுச்சுவரோ தெரிகிற படம். கூடவே தேதி, நேரம், இருப்பிடக் குறிப்பு, எண்ணிக்கை. மண் லாரி வந்த நாளிலும் அதே இடத்தில் நின்று ஒன்று எடுத்துவையுங்கள்.