சொந்த வகுப்பையே ஆராய்தல்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செயல் ஆராய்ச்சி (ஆசிரியர் தம் வகுப்பில் உள்ள சிக்கலைத் தாமே ஆராய்ந்து, ஒரு முறையைச் செய்து பார்ப்பது) குறித்து வடசென்னை ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு, பணி நிறைவு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: அம்மா, என் நான்காம் வகுப்பில் எழுத்துப்பிழை மிகுதி. அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா? (தண்டையார்பேட்டை)

பதில்: எழுத்துப்பிழை என்பது தலைப்புதான்; ஆராய்ச்சிக்கு அதைவிடச் சிறிய கேள்வி வேண்டும். இரண்டு வாரம் சொல்வதை எழுதும் ஏடுகளைச் சேர்த்து, பிழைகளை வகை பிரித்து எண்ணுங்கள். ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை; வீட்டில் காதில் விழுவதைத்தான் எழுதுகிறது. ‘பறவை’ ‘பரவை’ ஆவது வேறு கதை. ரகரமும் றகரமும் இன்று நம்மில் பெரும்பாலோர் வாயில் (என் வாயிலும்தான்) ஒன்றாகவே ஒலிப்பதால், அந்தச் சொல்லைப் பலமுறை படித்துக் கண்ணில் பதியவைப்பதே வழி. ஆகவே ‘ழகரச் சொற்களை நாள்தோறும் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதினால், ஆறு வாரத்தில் ழகரப் பிழை குறைகிறதா?’ என்று கேளுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

கேள்வி: புதிய முறையில் கற்பிப்பதற்கு முன் வைத்த முன்தேர்வில் சராசரி 10, கற்பித்தபின் வைத்த பின்தேர்வில் 12. முறை வெற்றி என்று எழுதலாமா? (காசிமேடு)

பதில்: பின்தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். 30 பேர் எழுதிச் சராசரி 10 வந்த தேர்வில் ஆறு பேர் தலா 2 மதிப்பெண் பெற்றிருந்தால், அந்த அறுவரும் பின்தேர்வன்று வராமல் போனாலே, மற்ற 24 பேரும் புதிதாக எதுவும் கற்காமலே, சராசரி 12 ஆகிவிடும். இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது; உங்கள் பகுதியில் அதற்கு முன்பு ஒரு தேர்வும் பின்பு ஒரு தேர்வும் வைத்தால், இடையில் பல வீடுகளின் நிலைமையே மாறியிருக்கும்.

கேள்வி: ஒப்பிட வேறொரு பிரிவு இல்லாமல் இதை ஆராய்ச்சி என்று ஏற்பார்களா? (வியாசர்பாடி)

பதில்: ஏற்பார்கள். அமெரிக்காவில் கல்வியியலாளர் ஸ்டீபன் கோரி 1953இலும், இங்கிலாந்தில் கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இலும் ஆசிரியரே தம் வகுப்பை ஆராயவேண்டும் என்று வாதிட்டார்கள். வேறோர் ஆசிரியரிடம் படிக்கும் ‘ஆ’ பிரிவோடு ஒப்பிட்டால், முறையை அளக்கிறீர்களா, ஆசிரியரை அளக்கிறீர்களா என்பதே குழம்பிவிடும். முடிவை உங்கள் வகுப்பின் அளவில் நிறுத்திக்கொண்டால் போதும்.

கேள்வி: பிள்ளைகளின் பெயரை எழுதலாமா? (இராயபுரம்)

பதில்: கூடாது, எண் போதும்.

கேள்வி: அம்மா, என் முறை பலிக்கவில்லை. அறிக்கையில் எப்படி எழுதுவது? (திருவொற்றியூர்)

பதில்: பலிக்கவில்லை என்றே எழுதுங்கள். ‘நல்ல முன்னேற்றம் காணப்பட்டது’ என்று முடியும் அறிக்கைகளை அளவுக்கு மேல் படித்துவிட்டேன். அவற்றில் எதை நம்புவது என்றே தெரியாமல் போய்விட்டது. எந்த வாரத்தில் பயிற்சி நின்றது, யார் விலகினார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதை அன்றன்றே குறித்திருந்தால், அந்தக் குறிப்பேட்டிலிருந்தே அடுத்த சுற்றுக்கான கேள்வியை எடுக்கலாம்.