லைக் குவியுது, ஓடர் மட்டும் வருதில்ல
ஒன்லைன் வியாபாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க பரம்பரையா கைத்தறி நெசவு செய்யிற ஆக்கள். சாரன், சாரி, பெட்ஷீட் எல்லாம் பேஸ்புக் பேஜ்ல போடுறம், கிழமைக்கு ஒருக்கா காசு கட்டி பூஸ்ட்டும் பண்ணுறம். லைக் நூத்துக்கணக்கில வருது, "விலை என்ன" எண்டு கொமன்ட்டும் வருது, ஆனா ஓடர் அதுக்கேத்த மாதிரி இல்ல. தம்பி ஒரு வெப்சைட்டும் செஞ்சு தந்திருக்கான். காசு எங்க போகுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?
(வாசகி, மருதமுனை)

பதில்: தங்கச்சி, பேஸ்புக் நீங்க எதக் கேட்டீங்களோ அதத்தான் தரும். போஸ்ட்டுக்கு லைக், கொமன்ட் வேணும் எண்டு பூஸ்ட் பண்ணினா லைக் போடுற பழக்கம் உள்ள ஆக்கள்ட போனுக்குத்தான் உங்கட சாரியக் கொண்டு போய்க் காட்டும், வாங்குற ஆக்களத் தேடாது. அதால அடுத்த முற பேஸ்புக்கின்ட விளம்பரம் போடுற இடமான அட்ஸ் மெனேஜருக்குள்ள போங்க, நோக்கம் என்ன எண்டு கேக்கிற இடத்தில மெசேஜ் வாறத, இல்லாட்டி விற்பனையத் தெரிவு செய்யுங்க. லைக் குறையும். குறையட்டும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு எண்டு நம்மட பெரியாக்கள் சொன்னது விளம்பரக் காசுக்கு அப்பிடியே பொருந்தும். எத்தின பேர் விளம்பரத்தப் பாத்தாங்க, அதில எத்தின பேர் லிங்க அமத்தினாங்க, எத்தின பேர் வந்து கேட்டாங்க, விலை சொன்ன பிறகு எத்தின பேர் நிண்டாங்க, கடைசியா எத்தின பேர் வாங்கினாங்க, இந்த அஞ்சு எண்ணிக்கையும் ஒரு கொப்பியில எழுதுங்க. ஒரு பேச்சுக்கு 1000 பேர் பாத்து, 40 பேர் அமத்தி, 25 பேர் வட்ஸ்அப்புல கேட்டு, 3 பேர்தான் வாங்கினாங்க எண்டு வைங்க. விளம்பரம் தன்ட வேலையச் செஞ்சிட்டு, ஓட்ட இருக்கிறது 25க்கும் 3க்கும் நடுவில. அந்த இடத்தப் பாக்காம புதுசு புதுசா போட்டோ மாத்திக்கொண்டு இருந்தா காசுதான் கரையும்.

அதுக்கு ஒரு பின்னேரம் இருந்து பழைய சட் எல்லாத்தையும் ஒண்டொண்டா வாசிங்க. இதவிட நல்ல ஆராய்ச்சி ஒரு சின்னக் கடைக்கு இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். விலை சொன்ன உடன அமைதியானவங்க எத்தின, டெலிவரி சார்ஜ் கேட்டதும் போனவங்க எத்தின, "நிறம் போட்டோவில இருக்கிற மாதிரியே வருமா" எண்டு கேட்டவங்க எத்தின, நீங்க ராவைக்கு மறுமொழி போட முன்னமே வேற இடத்தில வாங்கினவங்க எத்தின. கொமன்ட்டில விலை கேட்டவங்களுக்கு "இன்பொக்ஸ் பாருங்க" எண்டு போடுற பழக்கம் இருந்தா அத முதல்ல விடுங்க. கைத்தறிக்கு விலை கூடத்தான், அந்த விலைக்கு ஏன் பெறுமதி எண்டு நூல், நெசவு, தோய்ச்சாச் சாயம் போகுமா இல்லையா எல்லாத்தையும் விலையோட சேத்து போஸ்ட்டிலயே எழுதினா, கேக்கிற ஆக்கள் குறைவாத்தான் வருவாங்க, ஆனா வாறவங்க வாங்குற எண்ணத்தோட வருவாங்க.

இனி யார் எங்கால வாறாங்க எண்டு தெரியிறதுக்கு ரெண்டு வழி. வட்ஸ்அப் லிங்குக்குள்ள முன்கூட்டியே எழுதின மெசேஜ் ஒண்ட வைக்கலாம், தெரியும்தானே. பேஸ்புக் விளம்பரத்துக்கு "நீலக்கரை சாரி பத்தி கேக்கணும்" எண்டு ஒண்டு, இன்ஸ்டகிராமுக்கு வேற ஒண்டு, வெப்சைட் பட்டனுக்கு இன்னொண்டு. சட் திறந்த உடனயே எந்த வாசலால வந்த ஆள் எண்டு விளங்கிடும், செலவு ஒரு சதமும் இல்ல. வட்ஸ்அப் பிஸ்னஸ்ல லேபல் போடுற வசதியும் இருக்கு, புது ஓடர், காசு வரணும், காசு வந்திட்டு எண்டு போட்டு வந்தா மாசக் கடைசியில எண்ணுறது லேசு.

மற்றது வெப்சைட்டுக்குப் போற லிங்க். அதுக்குப் பின்னால யூடிஎம் எண்டு ஒரு வால் சேக்கிறது, எந்தத் தளத்தில இருந்து, எந்த வழியா, எந்த விளம்பரத்தால எண்டு மூணு விசயம் அதில இருக்கும். சைட்டுக்கு வாற ஆக்கள எண்ணுற கூகுள் அனலிட்டிக்ஸ் அதப் பிரிச்சுக் காட்டும். எழுத்து ஒரே மாதிரி இருக்கணும், ஒருக்கா பெரிய எழுத்தில தொடங்கி மறுகா சின்ன எழுத்தில தொடங்கினா ரெண்டு வேற இடம் எண்டு கணக்கு எடுத்திடும். தம்பிட்ட இன்னொண்டும் கேளுங்க, அனலிட்டிக்ஸ் கோட் எப்ப போட்டது எண்டு. பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1ஓட எண்ணுறத நிப்பாட்டிட்டு, இப்ப இருக்கிறது அனலிட்டிக்ஸ் 4. பழைய கோட் மட்டும் கிடந்தா உங்கட சைட்டுக்கு ஆரும் வராத மாதிரித்தான் தெரியும்.

கடைசியா ஒண்டு, உங்கட வெப்சைட்ட வீட்டு வைபையில பாக்காதீங்க. விலை குறைஞ்ச ஒரு போன்ல, டேட்டா போட்டு, பஸ்ஸுக்குள்ள இருந்து திறந்து பாருங்க. போட்டோ ஒண்டு ஒண்டும் அஞ்சாறு எம்பி இருந்தா சாரி தெரிய முன்னமே ஆள் போயிடும்.

கேள்வி: பொத்துவில் பக்கம் சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறம். மே மாசம் தொடங்க முன்ன முகப்புப் போட்டோவ மாத்தினன், கட்டில் இருந்த படத்த எடுத்திட்டு கடலும் சர்ஃப் போர்டும் உள்ள படத்தப் போட்டன். புக்கிங் ரெண்டு மடங்கு! இனி எல்லாப் படத்தையும் இப்பிடியே மாத்தலாம் எண்டு நினைக்கிறன். சரியா?
(வாசகர், பொத்துவில்)

பதில்: கொஞ்சம் பொறுங்க நாநா. உங்கட பக்கத்தில உள்ள அறுகம்பையில மே மாசம் எண்டாலே சர்ஃப் சீசன் தொடங்குது, ஒக்டோபர் வரைக்கும் அலைக்கு ஆக்கள் வந்துகொண்டே இருப்பாங்க. நீங்க அந்தப் பழைய கட்டில் படத்தையே விட்டிருந்தாலும் புக்கிங் கூடித்தான் இருக்கும். எவ்வளவு கூடினது சீசனால, எவ்வளவு படத்தால எண்டு இப்ப ஆராலயும் பிரிச்சுச் சொல்ல ஏலாது. இதே படத்த நவம்பர்ல மாத்தியிருந்தா படம் சரியில்ல எண்டு முடிவு எடுத்திருப்பீங்க, அதுவும் பிழைதான்.

முந்தி, பிந்தி எண்டு ஒப்பிடுறதில உள்ள பெரிய வில்லங்கம் இதுதான். நம்மட மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரருக்கு இது நல்லா விளங்கும். போன பெரும்போகத்தில ஒரு விதைநெல்லும் இந்தச் சிறுபோகத்தில வேற விதைநெல்லும் போட்டு, எது நல்லம் எண்டு கேட்டா ஆர் ஒத்துக்கொள்ளுவாங்க? மழை வேற, தண்ணி வேற. ஒரே போகத்தில, ஒரே வயலத் துண்டு துண்டாப் பிரிச்சு, எந்தத் துண்டுக்கு எது எண்டு சீட்டுப் போட்ட மாதிரி எழுந்தமானமாப் போட்டாத்தான் ஞாயமான ஒப்பீடு. இங்கிலாந்தில ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில 1919ல வேலைக்குச் சேந்த ரொனல்ட் ஃபிஷர் இந்த முறையத்தான் கணக்கோட நிறுவினவர். இண்டைக்கு ஏ/பி டெஸ்ட் எண்டு சொல்லுறதுக்குப் பின்னால இருக்கிற யோசனையும் இதுதான், வயல் துண்டுக்குப் பதிலா சைட்டுக்கு வாற ஆக்கள். ஒரே நாள்ள, ஒரே நேரத்தில, பாதிப் பேருக்கு ஒரு படம், மத்தப் பாதிக்கு மத்தப் படம்.

உங்கட சொந்த வெப்சைட்டிலயோ பேஸ்புக் விளம்பரத்திலயோ இத லேசாச் செய்யலாம். அட்ஸ் மெனேஜர்லயே ஏ/பி டெஸ்ட் வசதி இருக்கு, ஒருத்தருக்கு ஒரு படம் மட்டும்தான் போற மாதிரி அது ஆக்களப் பிரிச்சிடும். புக்கிங் தளங்கள்ள ஒரு நேரத்தில ஒரு முகப்புப் படம்தான் வைக்க ஏலுமெண்டா, சீசனுக்குள்ளயே ஒரு கிழமை கடல், மத்தக் கிழமை கட்டில் எண்டு மாத்தி மாத்தி வைங்க, ஒருக்கா மாத்திட்டு விடாதீங்க. எண்ணும்போதும் மொத்த புக்கிங்க எடுக்க வேணாம், பக்கத்தப் பாத்த 100 பேர்ல எத்தின பேர் புக் பண்ணினாங்க எண்டு பாருங்க. சனம் கூடினாலும் குறைஞ்சாலும் அந்த விகிதம் ஓரளவு ஞாயமா நிக்கும். போன வருசம் மே மாசக் கணக்கு இருந்தா அதையும் பக்கத்தில வைச்சுப் பாருங்க.

கேள்வி: என்ட கேக் ஓடர் பேஜ்ல பட்டன் நிறத்தப் பச்சை, செம்மஞ்சள் எண்டு ரெண்டு விதமா வைச்சு டெஸ்ட் பண்ணுறன். ரெண்டு நாள்ல பச்சைக்கு 5 ஓடர், செம்மஞ்சளுக்கு 9 ஓடர். செம்மஞ்சள் வெண்டிட்டுத்தானே, நிப்பாட்டலாமா?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: நிப்பாட்ட வேணாம் தம்பி, இன்னும் ஒண்டும் வெல்லல்ல. ஒரு காச 14 தரம் சுண்டிப் பாருங்க. தலையோ பூவோ ஏதாவது ஒரு பக்கம் 9, மத்தது 5 எண்டோ, அதவிடக் கூடின வித்தியாசமோ வாறதுக்கு 100க்கு 42 வாய்ப்பு இருக்கு, காசில ஒரு கோளாறும் இல்லாமலே. அப்ப உங்கட 9க்கு 5 எண்டது நிறத்தாலதான் வந்த எண்டு எப்பிடிச் சொல்லுற?

நாளுக்கு நாள் எட்டிப் பாத்து, தனக்குப் பிடிச்ச பக்கம் முன்னுக்கு நிக்கிற நேரம் பாத்து நிப்பாட்டுறது இந்த வேலையில எல்லாரும் விடுற பிழை, பெரிய கொம்பனிகள்ளயும் நடக்கும். எத்தின பேர் வரும் வரைக்கும் ஓட விடுறது எண்டு தொடங்க முன்னமே எழுதி வைக்கணும். கணக்கு இப்பிடி: இப்ப வாற 100 பேர்ல 2 பேர் வாங்குறாங்க, அது 3 ஆகுதா எண்டு நம்பிக்கையாச் சொல்லணும் எண்டா, வழமையா எடுக்கிற அளவுகோலில ஒவ்வொரு விதத்துக்கும் 3,800 பேர் அளவில வேணும், ரெண்டு விதமும் சேத்தா 7,600. உங்கட பேஜுக்கு நாளைக்கு 100 பேர் வந்தா ரெண்டரை மாசம் காத்துக்கொண்டு இருக்கணும். ஆனா 2 பேர் 4 ஆகிற அளவுக்குப் பெரிய மாற்றமெண்டா ஒவ்வொரு விதத்துக்கும் 1,140 பேர் போதும், 23 நாள்ல முடிஞ்சிடும். அதால சின்னக் கடைக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது, பட்டன் நிறம், எழுத்து வடிவம் இதுகள விட்டிடுங்க, அது கோடிக்கணக்கில ஆள் வாற இடத்து வேலை. நீங்க சோதிக்க வேண்டியது பெரிய விசயங்கள். விலைய முகப்பிலயே போடுறதா இல்லையா. டெலிவரிய விலைக்குள்ள சேக்கிறதா, தனியா எடுக்கிறதா. கேக்க முழுசாக் காட்டுறதா, வெட்டி உள்ள இருக்கிறதக் காட்டுறதா. விளம்பரம் தமிழ்லயா இங்கிலிஷ்லயா. இதுகள்ள ஏதாவது ஒண்டு உங்கட ஓடர உண்மையாவே அசைக்கும்.

ஓட விடுறதும் முழுக் கிழமைக் கணக்கில இருக்கட்டும். வெள்ளி, சனியில கேக் கேக்கிற ஆளும் செவ்வாய்க்கிழமை கேக்கிற ஆளும் ஒண்டில்ல, சம்பளம் வாற கிழமையும் அப்பிடித்தான், பெருநாள், தீபாவளிக் கிழமையும் அப்பிடித்தான்.

நம்மட ருசிய நம்பி முடிவு எடுக்க ஏலாது எண்டதுக்கு ஒரு உண்மைக் கதை. 2007 டிசம்பர்ல ஒபாமாட தேர்தல் பிரச்சார வெப்சைட்டில, வாற ஆக்கள்ட ஈமெயில் எடுக்கிற பக்கத்த 24 விதமா சோதிச்சாங்க, வந்தது 3 லட்சத்து 10 ஆயிரம் பேர். அங்க வேலை செஞ்சவங்களுக்குப் பிடிச்சது வீடியோ. ஆனா வீடியோ வைச்ச எல்லாமே வெறும் படத்த விடக் குறைவாத்தான் செஞ்சிருக்கு, குடும்பப் படமும் "மேலும் அறிய" எண்ட மாதிரி மெதுவான ஒரு பட்டனும்தான் முன்னுக்கு வந்த. பதிஞ்சவங்க 8.26 வீதத்தில இருந்து 11.6 வீதமாக் கூடினாங்க. சோதிக்காம விட்டிருந்தா வீடியோவத்தான் போட்டிருப்பாங்க.

கேள்வி: டெஸ்ட் செய்ய கூகுள் ஒப்டிமைஸ் எண்டு ஒண்டு இருக்கெண்டு ஒரு பழைய வீடியோவில பாத்தன், தேடினாக் கிடைக்குதில்ல.
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அத 2023 செப்டம்பர் 30ஓட கூகுள் மூடிட்டு. காசு குடுத்து வாங்குற சொஃப்ட்வெயர் வேற இருக்கு, ஆனா தொடக்கத்தில உங்களுக்குத் தேவையில்ல. பேஸ்புக் விளம்பரத்துக்குள்ள இருக்கிற டெஸ்ட்டே காணும்.

கேள்வி: மைக்ரோசொஃப்ட் கிளாரிட்டி போட்டா சைட்டுக்கு வாறவங்க எங்க அமத்துறாங்க, எதுவரைக்கும் இறக்கிப் பாக்கிறாங்க எண்டு வீடியோ மாதிரித் தெரியுது. நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒளிச்சு நிண்டு பாக்கிற மாதிரி மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. இது சரியா?
(வாசகி, காத்தான்குடி)

பதில்: தாத்தா, அந்த மனக்குறுகுறுப்பு நல்லது, அத விட்டிடாதீங்க. கிளாரிட்டி இலவசம், பிரயோசனமானது. நாலஞ்சு பேர் ஒரே இடத்தில கோபத்தில டப் டப் எண்டு அமத்துறதக் கண்டா அந்தப் பட்டன் வேலை செய்யல்ல எண்டு அந்த நிமிசமே விளங்கிடும். ஆக்கள் பெட்டிக்குள்ள எழுதுற விசயத்த அது தானாவே மறைச்சிடும். அதோட, நாங்க இப்பிடிப் பாக்கிறம், இதுக்காகத்தான் பாக்கிறம் எண்டு சைட்டில ரெண்டு வரி நல்ல தமிழ்ல எழுதி, சம்மதமா எண்டு கேளுங்க. அறிவிச்சுச் செய்யிறது வேற, ஒளிச்சுச் செய்யிறது வேற.

சட்டமும் இருக்கு. இலங்கையில 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தேவைக்கு எடுத்த விபரத்த அந்தத் தேவைக்கு மட்டும் பாவிக்கணும், தேவை முடிஞ்சும் சும்மா வைச்சிருக்கக் கூடாது எண்டுதான் அதின்ட அடிப்படை. கிளாரிட்டிய விட எனக்குப் பயம் நம்மட ஆக்கள் போன் நம்பரோட செய்யிற வேலைதான். ஒருக்கா அபாயா வாங்கின பொம்பிளைட நம்பர எடுத்து, கேக்காமக் கொள்ளாம வட்ஸ்அப் குரூப்ல போட்டு, அங்க இருக்கிற நூறு பேருக்கும் அந்த நம்பர் தெரியிற மாதிரி விட்டிடுறாங்க. விளம்பர மெசேஜ் அனுப்பணும் எண்டா முதல்ல சம்மதம் கேளுங்க, குரூப்புக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போற புரோட்காஸ்ட் பாவிங்க, வேணாம் எண்டு ஒருத்தர் சொன்னா அண்டைக்கே எடுத்திடுங்க. வீட்டு அட்ரஸ் எழுதின கொப்பிய கடை மேசையில திறந்து வைக்கவும் வேணாம்.